கம்பளிச் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

ஏற்காட்டில் எந்தப் பொருளை வாங்கினாலும், ஐப்பசியில் அதை எங்கே வைப்பது என்று முதலில் யோசித்துவிட வேண்டும். உப்பு ஜாடியில் தண்ணீராக நிற்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடாவிட்டால் கல்யாணப் பட்டில் பூஞ்சை படரும். இதையெல்லாம் இங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை. மலைமேல் குடியிருந்துகொண்டு, மேகம் வீட்டுக்குள் வருகிறது என்று கோபித்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அந்த ஈரத்தில்தான் போனது. சேலத்து மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டியபோது உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. கூட வந்திருந்த என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். எஸ்டேட் குடோனில் காப்பிக்கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சரியாகக் காயாத கொட்டையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஈரம் ஏறுனாப் போச்சு கண்ணு. கொட்டைக்கும் அதேதான், இந்தப் பொட்டிக்கும் அதேதான்," என்றார்.

அடுத்த கம்ப்யூட்டரை நான் வாங்கி வந்த வாரமே அதற்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் கொடுத்த தடித்த பழுப்புக் கம்பளியை வெட்டி, உள்ளே பழைய வேட்டித் துணியை வைத்து, சி.பி.யு. பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முன்னால் சுவிட்சுக்கு ஒரு வட்ட ஓட்டை, பின்னால் வயர்கள் வெளியே வர ஒரு கீறல், பக்கவாட்டில் மாமனாரின் பழைய கோட்டிலிருந்து எடுத்த பொத்தான்கள். தரை ஈரம் ஏறக் கூடாது என்று பெட்டியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றியும் வைத்தார். ஸ்வெட்டர் போட்ட குழந்தைபோல் அது மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் அதைப் படமெடுத்துச் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினேன். இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று கீழே எழுதியும் வைத்தேன்.

எங்கள் வீட்டுப் பூனைக்கும் அந்தச் சட்டை பிடித்துப்போயிற்று. அதுவரை அடுப்படியை விட்டு நகராத ஜென்மம் அது. கம்ப்யூட்டர் ஓடும்போது பெட்டியின் மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நான் கடிதம் தட்டினாலும் சரி, கட்டுரை படித்தாலும் சரி, பூனையின் வால் மானிட்டருக்கு ஓரமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கிளியூரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன். காலையில் பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவேன். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட வருஷம் அந்த வேலையை விட்டேன். என் கணவர் செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிறவர். பறிப்புக் காலத்தில் அவருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது.

வேலையை விட்டேனே தவிர, பகுதி நேரமாகப் பதிவு செய்திருந்த பிஎச்.டி.யை விடவில்லை. விடச் சொன்னவர்கள் நிறையப் பேர். இந்த வயசில் டாக்டர் பட்டம் வாங்கிக் காப்பித் தோட்டத்துக்கா ஊசி போடப்போகிறாய் என்று என் சொந்தத் தம்பியே கேட்டான். விடு விடு என்று சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பிடி இறுகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார் என் கணவர். கோபமில்லை, ரோஷம் என்பேன் நான்.

என் ஆராய்ச்சி காப்பிப் பழத்தின் தோலைப் பற்றியது. கொட்டையை எடுத்துக்கொண்டு தோலைக் குழியில் கொட்டிவிடுவார்கள். அது புளித்து ஊரையே நாற அடிக்கும். அந்தத் தோலில் ஒரு பொருள் இருக்கிறது. நாம் தின்னும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதி ஒன்று நம் குடலில் இருக்கிறது. அந்த நொதியின் வாயில் இந்தப் பொருள் போய் அடைத்துக்கொள்ளுமா என்பதுதான் என் கேள்வி. அடைத்துக்கொண்டால், என் மாமியாரைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்றாவது ஒருநாள் அது உதவலாம். இதையெல்லாம் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு அணுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரத்தைக் கொடுத்தால், மூலக்கூறைத் திரையில் வரைந்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக் காட்டுகிற மென்பொருள் வேண்டும்.

முந்தைய வருஷத்து மதிப்பாய்வுக் கூட்டத்துக்கு, கல்லூரி ஆய்வகத்து ஜூனியர் ஒருத்தி போட்டுக் கொடுத்த படங்களை எடுத்துக்கொண்டு போனேன். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒரு படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்புங்கள்," என்றார். காகிதத்தில் அச்சடித்த படத்தை எப்படித் திருப்புவது? "படம் யாரோ போட்டது. பேச்சு மட்டும்தான் உங்களுடையதா அம்மா?" என்று கேட்டார். அவர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது. கடைசியாக ஒரு தடவை கால நீட்டிப்பு தருகிறோம், அடுத்த கூட்டத்தில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பதிவு ரத்து என்று முடித்துவிட்டார்கள். மலை ஏறி வந்த பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டேன். என் மூலக்கூறு என் வீட்டில், என் கம்ப்யூட்டரில் சுழலும், அதை நிறுவுவதும் நானே என்று. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் நான் கெட்டிக்காரி.

முதலில் மென்பொருளை இறக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் இரண்டு கோடு சிக்னல் வந்தால் அது நல்ல நாள். கிளியூர் ரோட்டில் ஒரே இடத்தில்தான் சிக்னல் நிரம்பி வழியும். அது கல்லறைத் தோட்டத்துச் சுவர். குடையை விரித்துக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் போய் உட்கார்ந்தேன். ஃபைல் மெல்ல மெல்ல இறங்கியது. மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சர்ச்சுக்குப் பூ எடுத்துப் போகும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நேத்தும் இங்கயே உக்காந்திருந்தீங்க. யாரு நெனவு நாளுங்க?"

"நெனவு நாள் இல்லீங்கக்கா. டவுன்லோடு பண்றனுங்க."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைச் சூடிக்கொண்டு மிச்ச ஃபைலையும் இறக்கினேன்.

நிறுவ ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இறக்கியது வெறும் முகூர்த்தக்கால் என்று. முதல் தடவை, திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர் மென்பொருள் பழையது என்று சொல்லி மறுத்துவிட்டது. அதற்காக மறுபடியும் கல்லறைச் சுவருக்குப் போனேன். புது டிரைவரைப் போட்டதும் திரை முழுவதும் கறுத்துப்போனது. அணைத்து, போட்டு, வேறு ஒன்றை இறக்கி, கடைசியில் வெளிச்சம் வந்தது. "நிறுவப்பட்டது" என்று அறிவிப்பு வந்தபோது சமையலறைக்கு ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். திரும்பி வந்து ஐகானைத் தட்டினால், ஒரு ஜன்னல் மின்னி மறைந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் மின்னி மறைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அதற்குக் காரணம் என் கணவர் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அதில் பயனர் பெயராக எங்கள் வீட்டுப் பெயரைத் தமிழில் பதிந்து வைத்தவர் அவர். "நம்மூட்டுப் பொட்டிக்கு எதுக்கு இங்கிலீஷுல பேரு?" என்று கேட்டுவிட்டுச் செய்த காரியம். அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதனால் என் ஃபோல்டர்கள் எல்லாம் தமிழ்ப் பெயருக்குள் இருந்தன. இந்த மென்பொருள் அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்ததும் திக்கித் திணறிச் செத்துப்போனது. என் நொதி எல்லா ஜாதிச் சோற்றையும் ஒன்றுபோல் உடைக்கிறது. அதைக் காட்ட வந்த சாமானுக்கு மட்டும் இப்படி ஒரு தீட்டு. ஆங்கிலத்தில் புதிதாக ஒரு பெயரைப் பதிந்து, அதற்குள் எல்லாவற்றையும் மறுபடி நிறுவினேன். என் கணவர் சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்து, வீட்டுப் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி மானிட்டரின் தலையில் ஒட்டிவிட்டுக் காப்பி கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அது திறந்துகொண்டது. கறுப்புத் திரை ஒன்று அமைதியாக வந்து நின்றது. என் நொதியின் விவரம் இருந்த ஃபைலைத் திறந்தேன். ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு, பச்சையும் ஆரஞ்சுமாக, என் நொதி திரையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தேன். திரும்பியது. எத்தனையோ வருஷமாகக் கட்டுரைகளில் படித்துப் படித்து மனசுக்குள் மட்டும் வைத்திருந்த ஒன்று, என் கைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது. நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

சத்தம் கேட்டு மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். திரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது, கலர் இடியாப்பமாட்ட இருக்குது?"

"இதுதானுங்கத்தை உங்க வயித்துக்குள்ள சோத்தைச் சர்க்கரையாக்குறது."

"இத்தாம் பெருசா?"

"இல்லீங்கத்தை, கண்ணுக்கே தெரியாது. பெருசு பண்ணிக் காட்டுது."

அவர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "அடப் பாவி, நீதானா?" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் கெட்ட காலம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ரிப்பனாகக் காட்டினால் மட்டும் போதாது. நொதிக்கு மேடும் பள்ளமுமாக ஒரு மேற்பரப்பு உண்டு. அதை முழுவதும் வரையவைத்தால்தான், என் காப்பித்தோல் பொருள் எந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறது என்று தெரியும். அதுதான் என் ஆராய்ச்சியின் உயிர். மேற்பரப்பைப் போட்டு, மெல்லச் சுழற்றினேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு டப்பென்று எல்லாம் அணைந்தது. கரண்டு போய்விட்டதோ என்று பார்த்தால், மேலே பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. மறுபடி போட்டேன். மறுபடியும் நடுவழியில் அணைந்தது. கடிதம் தட்டினால் நாள் முழுக்க ஓடுகிறது. நொதியின் மேற்பரப்பைப் போட்டால் உயிரை விடுகிறது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "மேடம், அந்த வேலைக்கு அந்த மிஷின் தாங்காதுங்க. கீழ கொண்டாங்க, பாத்துக்கலாம்," என்றார். வீடியோவில் நடக்கவிருந்த கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மழையில் மண் சரிந்து பெரிய ரோட்டை மூடியிருந்தார்கள். பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் குலுக்கலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனால், போய்ச் சேரும்போது பெட்டியும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியை நல்ல மனுஷி. நிலைமையைச் சொன்னதும், "டென்ஷன் ஆகாதீங்க. இங்க ஜூனியர் ஓட்டட்டும். நீங்க வீட்ல இருந்து பேசுங்க, போதும்," என்றார். எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் என் காதில் விழுந்தது, பேச்சு மட்டும்தான் உங்களுடையதா என்ற அந்தப் பழைய கேள்விதான்.

"இல்லீங்க மேடம். ஓடுனா என் மிஷின்ல ஓடட்டும். ஓடலைன்னா ரத்து பண்ணட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஏம்புள்ள, அவங்கதான் வழி சொல்றாங்கல்ல? வீம்புக்கு இத்தன வருசத்தப் பலி குடுப்பியா?"

"ஏனுங்க, நீங்க எழுதுற கணக்குல வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவீங்களா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அது அவர் ஒத்துக்கொள்ளும் முறை.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. மாமியார் எனக்குப் பின்னால் நாற்காலியில் ஜெபமாலை உருட்டுகிற மாதிரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் நொதியின் மேற்பரப்பைப் போட்டு, எந்தக் கணத்தில் அணைகிறது என்று பார்த்துவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல் பூனை பெட்டியின் மேல் சுருண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கியது. எழுந்து நின்றது. ஒரு காலைத் தூக்கி உதறியது, அடுத்த காலைத் தூக்கி உதறியது, பிறகு ரொம்ப அவமானப்பட்டதுபோல் கீழே குதித்து, ஈரத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுப்புச் சாம்பலில் புரண்டு மீசை கருகினாலும் நகராத பூனை அது. எனக்குப் பின்மண்டையில் சுருக்கென்றது. அது படுத்திருந்த இடத்தில் கையை வைத்தேன். தோசைக்கல் தோற்றது.

கையை எடுப்பதற்குள் திரை அணைந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். டிரைவர் என்றேன், வோல்டேஜ் என்றேன், மென்பொருளைத் திட்டினேன், மின்சார வாரியத்தைத் திட்டினேன். கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மூடிய ஒரு பெட்டியை மலை ஏறச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் தோன்றவே இல்லை. சேலத்தில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரை ஏ.சி. அறையில் வைப்பார்கள். நாங்கள் அதற்குக் கம்பளி போர்த்தியிருந்தோம். இந்த ஊரில் குளிரில் நடுங்கும் எதையும் பார்த்தால் போர்த்திவிடத்தான் எங்களுக்குத் தெரியும்.

பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை உருவினேன். தையல் மிஷின் டிராயரிலிருந்த திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தேன். சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கூடு இருந்தது. கம்பளிப் பஞ்சும் பூனை முடியும் சேர்ந்து கட்டிய கூடு. அது சுற்றவே இடமில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாமியார் சிரிக்கவில்லை. உரித்த பூண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பழுப்புப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தக் கம்பளியின் பஞ்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா சாமி?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க கெடுக்கலீங்கத்தை. இத்தன மழையில இது உசுரோட இருக்கறதே உங்களாலதான். உள்ள பாருங்க, ஒரு பொட்டுப் பச்சை இருக்குதா? நாந்தான் அதுக்குப் புதுசா கடினமான வேலை குடுத்துப்போட்டனுங்க. வேலை செய்யறப்ப யாராச்சும் கம்பளி போத்திக்குவாங்களா?"

"நொம்பப் படிச்சவ நீ. இது உன்ற படிப்பு விசயம். இனிமே அது பக்கமே நா வரமாட்டன்," என்றார். சட்டையை எடுத்து உதறி, நாலாக மடித்து, பீரோவில் குண்டு பல்புக்குக் கீழே வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்த அறையைக் கூட்டும்போது முக்காலியைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டுக் கூட்டினார்.

நான் கொண்டை ஊசியால் பஞ்சை இழுத்து எடுத்தேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். காற்றாடியை விரலால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் ஓடும்வரை விடவில்லை. கம்ப்யூட்டரின் உட்புறத்தை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கல்லூரியில் ஒரு பல்பு மாற்றவே ஆள் கூப்பிட்டவள் நான். தகட்டை மூடித் திருகாணியை முடுக்கியபோது, எனக்கு என்னையே பிடித்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். மேற்பரப்பைப் போட்டுச் சுழற்றினேன். சுழன்றது. நான் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

கூட்டத்தன்று காலையில் மேகம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. சட்டையில்லாத பெட்டியைப் பார்க்கப் பார்க்க மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாரே, வாக்கு மாறுகிற ஆளில்லை. ஆகவே பழைய கோணிச் சாக்குகளைக் கிழித்துச் சுருட்டி, ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் அடைத்தார். பிறகு பீரோவைத் திறந்து அந்தக் கம்பளிச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கேமராவில் தெரியாத மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதற்கு அதை எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் கணவர் எஸ்டேட்டில் இருந்த தன் இரண்டாவது போனையும் கொண்டுவந்து, ஒன்றின் சிக்னல் போனால் இன்னொன்று என்று ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் போயிருந்தார்.

திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் வழிகாட்டி வந்தார். அந்த மூத்த பேராசிரியரும் வந்தார். நான் பேச ஆரம்பித்தேன். முதல் சில வரிகளில் வார்த்தைகள் இடறின. பிறகு நொதியைத் திறந்து காட்டியதும் சரியாகிவிட்டது. எனக்குப் பேச்சு வராவிட்டாலும் அது பேசும் என்று தைரியம் வந்தது.

நான் எதிர்பார்த்தபடியே பேராசிரியர் குறுக்கிட்டார். "இதைக் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்ப முடியுமா?"

அதே வார்த்தை. அவருக்கு அது ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது. நான் திருப்பினேன்.

"மேற்பரப்பு முழுவதையும் போட்டு, அந்தப் பள்ளத்துக்குள் போய்க் காட்டுங்கள்."

போட்டேன். காற்றாடி பலமாக இரைய ஆரம்பித்தது. மூலையில் மாமியார் பாதி எழுந்துவிட்டார். நான் பள்ளத்தை நோக்கி மெல்ல மெல்ல உள்ளே போனேன். நொதியின் வாய் பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுவதும் விரிந்தது. அதற்குள், தொண்டையில் சிக்கிய பாக்குபோல், என் காப்பித்தோல் பொருள் உட்கார்ந்திருந்தது. எந்த அணு எந்த அணுவைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் திருப்பிக்கொண்டே இருந்தேன். இடப்பக்கம் என்றார், மேலிருந்து என்றார், அந்த ஒன்றை மட்டும் தனியாக என்றார். பெட்டி இரைந்ததே தவிர அசரவில்லை. இனி கேட்பதற்குப் பக்கமே இல்லை என்று ஆனபிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஆய்வகம் இல்லை சார். ஏற்காட்டில் என் வீடு."

"யார் நிறுவிக் கொடுத்தது?"

"நானே நிறுவினேன் சார். இடையில் கோளாறு வந்தது, கழற்றிச் சரி செய்ததும் நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி அம்மா. இனி எழுதி முடியுங்கள்," என்றார்.

அவ்வளவுதான். ஆய்வேட்டை எழுதி முடிக்க அனுமதி. பாராட்டு மழை ஒன்றும் பொழியவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த "சரி அம்மா"வை நான் இன்றுவரை காதில் வைத்திருக்கிறேன். அதற்குள் பழைய கேள்விக்கு அவரே சொன்ன பதில் இருந்தது.

முகங்கள் மறைந்தன. நான் எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டரை அணைத்தேன். காற்றாடி இரைச்சல் தேய்ந்து நின்றது. அறையில் மழைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"என்ன கண்ணு சொன்னாங்க?"

"பாஸுங்கத்தை. எழுதி முடிக்கச் சொல்லிட்டாங்க."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். கண்ணீர் விடுவார் என்று நினைத்தேன், இல்லை. அவர் பார்வை எனக்குப் பின்னால் முக்காலி மேல் இருந்தது. ஜன்னல் இடுக்குச் சாக்கையும் மீறி மேகம் உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவர் பெட்டியைத் தொடவில்லை. சொன்ன சொல்லுக்காக ஓர் அடி தள்ளியே நின்றார்.

"தொட்டுப் பாருங்கத்தை," என்றேன்.

அவர் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குடோனில் கொட்டை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற அதே நிதானத்தோடு, பெட்டியின் தலையில் கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே வெகு நேரம் நின்றார். சூடு தணியும்வரை நிற்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நான் படித்த படிப்பும், அந்தப் பெட்டியும், அவரும், எல்லாம் என் வீட்டுக்குச் சொந்தம் என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆறிப்போச்சு," என்றார். "இப்பப் போத்தட்டுமா கண்ணு?"

"போத்துங்கத்தை," என்றேன்.

அவர் கடைசிப் பொத்தானைப் போடுவதற்குள் பூனை மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.